உளுந்தில் களை: கோடை உழவிலிருந்து களத்துமேடு வரை முழு வழிகாட்டி

உளுந்து 65 முதல் 75 நாளில் கைக்கு வந்துவிடும் பயிர். சீக்கிரம் முடிகிறது என்பதற்காகத்தான் பலரும் அதை விரும்பி விதைக்கிறோம். ஆனால் களை விஷயத்தில் அந்தக் குறுகிய ஆயுளே அதற்கு எதிரியாகிவிடுகிறது. கரும்பு ஒரு மாதம் களையில் சிக்கிக் கிடந்தாலும் தேறிக்கொள்ள நாள் இருக்கிறது. உளுந்துக்கு அது கிடையாது. முளைத்த முதல் இரண்டு வாரம் மெதுவாகத்தான் வளரும், 30, 35ஆம் நாளில் பூ எடுக்கத் தொடங்கிவிடும். இடையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் களை முந்திக்கொண்டால் பாதி விளைச்சல் போனாலும் ஆச்சரியமில்லை.

எங்களுக்கு விழுப்புரம் மாவட்டத்தில் மூன்று ஏக்கர், கிணற்றுப் பாசனம். ஆடியிலும் தையிலும் உளுந்து போடுகிறோம். ஆரம்பத்தில் நானும் எல்லோரையும் போல, களை கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஆள் தேடி ஓடுவேன். ஆள் கிடைக்கும்போது பயிர் பூவுக்கு வந்திருக்கும். இப்போது முறையை மாற்றிக்கொண்டேன். களையெடுப்பு எங்களுக்கு விதைப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. மண்ணில் கிடக்கும் களை விதையின் இருப்பைப் பருவத்துக்குப் பருவம் குறைத்துக்கொண்டே வருவதுதான் முழுக் குறிக்கோளும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான். பாசிப்பயறு, தட்டைப்பயறுக்கும் இதில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

முதல் வேலை: உங்கள் நிலத்துக் களையைப் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள்

"களை நிறைய இருக்கிறது" என்று சொன்னால் போதாது. எந்தக் களை என்பதைப் பொறுத்துத்தான் வழி. ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு, பயிர் நிற்கும்போது நிலத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எந்த மூலையில் எது அதிகம் என்று குறித்து வையுங்கள். பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

விதையால் மட்டும் பரவும் அகன்ற இலைக் களைகள்: சாரணை, பருப்புக்கீரை, தொய்யக்கீரை, நாய்க்கடுகு, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, பார்த்தீனியம். இவற்றில் சாரணைதான் உளுந்துக்குப் பெரிய தொல்லை. முளைத்த மூன்று நான்கு வாரத்திலேயே பூத்துக் காய்த்துவிடும். ஒரு பட்டத்தில் நாம் அசந்தால் அடுத்த பட்டத்துக்கான விதையை அது தானே தூவிவிட்டுப் போய்விடும்.

விதையால் பரவும் புல் வகைகள்: குதிரைவாலிப் புல், காக்காய்க்கால் புல், மயில்கொண்டைப் புல் போன்றவை. சின்னதாக இருக்கும்போது இழுத்தால் வந்துவிடும். தூர் கட்டிவிட்டால் களைக்கொத்துக்கும் அசையாது.

மூன்றாவது வகை கோரையும் அருகம்புல்லும். இவற்றுக்கு மண்ணுக்குள்ளே கிழங்கும் வேர்த்தண்டும் இருக்கின்றன. மேலே வெட்டினால் கீழேயிருந்து மறுபடி வரும். இவற்றைப் பயிர் நிற்கும்போது ஒழிக்க முடியாது. கோடையில்தான் முடியும்.

கோடை உழவு

சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம் பக்கம் சொல்வார்கள். களை விஷயத்தில் அது முழு உண்மை. பங்குனி, சித்திரையில் ஒரு மழை பெய்து மண் பதமானதும் கலப்பை போட்டுக் கட்டி புரட்டி உழுதுவிடுங்கள். கட்டிகளை உடைக்க வேண்டாம். கோரைக்கிழங்குகளில் பெரும்பகுதி மேல்மண் அரை அடிக்குள்தான் இருக்கிறது. புரண்டு மேலே வந்த கிழங்கு சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கிச் செத்துவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து எதிர்ச்சாலில், அதாவது முதல் உழவுக்குக் குறுக்காக, இன்னொரு உழவு. அப்போது மிச்சம் இருப்பதும் மேலே வரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோரையும் அருகம்புல்லும் இருக்கும் நிலத்தில் ஈரத்தோடு ரோட்டாவேட்டர் விடாதீர்கள். மண் மாவு மாதிரி ஆகிவிடும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அருகம்புல் தண்டைத் துண்டு துண்டாக வெட்டி நிலம் முழுக்க நட்டுவிடும். கணுவுள்ள ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி. கோரையிலும் கிழங்குச் சங்கிலி அறுந்து, தூங்கிக்கொண்டிருந்த கிழங்கெல்லாம் முளைக்கும். முதல் உழவுக்குச் சட்டிக்கலப்பையோ ஐந்து கொத்துக் கலப்பையோ போதும். கல்டிவேட்டர் (கொத்துக் கலப்பை) இழுத்து மேலே கொண்டுவரும் அருகம்புல் தண்டுகளைக் கையால் பொறுக்கி வரப்புக்கு வெளியே காயப்போட்டு எரித்துவிடலாம். இரண்டு ஆள் கூலிதான் ஆகும். இரண்டு வருடம் தொடர்ந்து செய்தால் அருகம்புல் மூலைகள் சுருங்குவதை நோட்டிலேயே பார்க்கலாம்.

வெளியிலிருந்து களையை வரவழைக்காதீர்கள்

நாங்கள் ஒருமுறை ஏழெட்டு டிராக்டர் சாண எரு விலைக்கு வாங்கிக் கொட்டினோம். முழுதாக மக்காத எரு. பரப்பும்போதே வைக்கோலும் காய்ந்த செடியும் தெரிந்தது. சரி, நிலத்தில் மக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பட்டத்தில்தான் எங்கள் நிலத்துக்குள் பார்த்தீனியம் முதன்முதலாக வந்தது. இன்னும் வரப்போரத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

எருவைக் குவித்து, ஈரம் காத்து, ஒன்றிரண்டு முறை புரட்டிப் போட்டு நன்றாக மக்க வையுங்கள். குவியலுக்குள் கையை விட்டால் சுட வேண்டும். அந்தச் சூட்டில்தான் களை விதை சாகும். புரட்டாமல் விட்டால் ஓரத்தில் இருக்கும் விதை அப்படியே உயிரோடு இருக்கும். எருவுக்காக நிலத்தில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள், ஆடு அதற்கு முன்பு எங்கே மேய்ந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலம் நெற்று தின்ற ஆடுகள் புழுக்கையோடு அந்த விதையையும் போட்டுவிட்டுப் போகும்.

விதை உளுந்தைச் சலித்து, புடைத்து, பொறுக்கி எடுங்கள். சான்று விதை வாங்கினால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும். முக்கியமாக அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணி விதையோடு கலந்து வரும். அதைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்கிறேன். டிராக்டர் கலப்பை, அறுவடை இயந்திரம் இரண்டும் உங்கள் வரப்பைத் தாண்டும் முன் மண்ணையும் தூசியையும் தட்டிவிடச் சொல்லுங்கள். ஓட்டுநர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

முளைக்கவிட்டு அழிப்பது

தண்ணீர் வசதி உள்ளவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. விதைப்பு நிலத்தை முழுதாகத் தயார் செய்து, பாத்தி பிடித்து, விதைக்காமல் ஒரு தண்ணீர் விடுங்கள். மானாவாரியாக இருந்தால் முதல் மழையை இதற்குப் பயன்படுத்தலாம். பத்துப் பன்னிரண்டு நாளில் மேல் மண்ணில் இருந்த களை விதையெல்லாம் பச்சைப் பாய் விரித்தது மாதிரி முளைத்து நிற்கும். இரண்டு இலை, மூன்று இலைப் பருவத்தில் பலகையாலோ களைக்கொத்தாலோ மேலாகச் சுரண்டி விடுங்கள். ஒரு நாள் வெயிலில் வாடட்டும். பிறகு விதையுங்கள்.

சுரண்டுவது இரண்டு அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. ஆழமாக உழுதால் அடியில் தூங்கும் விதையை மேலே கொண்டுவந்து மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கியது போல ஆகிவிடும். விதைப்பு பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போகிறதே என்று தயங்குகிறவர்கள் உண்டு. ஆடிப் பட்டத்தைத் தேடி விதைக்கத்தான் வேண்டும், ஆனால் இந்த நாட்களைக் கணக்கில் வைத்து ஆனியிலேயே நிலத்தைத் தயார் செய்துவிட்டால் பட்டம் தவறாது. எங்கள் அனுபவத்தில் முதல் கைக்களைக்கான ஆள் எண்ணிக்கை இதனால் மட்டுமே ஏறக்குறைய பாதியாகிறது.

விதைப்பு: இடைவெளிதான் பாதிக் களையெடுப்பு

ஏக்கருக்கு 8 கிலோ விதை. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இப்படி விதைத்தால் ஒரு சதுர மீட்டரில் 33 செடி நிற்கும். 40 நாளில் இலைகள் கூடி வரிசை மூடிவிடும், நிழலில் புதுக் களை தலையெடுக்காது. விதை போதாமல் இடைவெளி விழுந்த இடத்தில்தான் களை வந்து உட்காரும். ஒரு வாரத்துக்குள் முளைக்காத இடத்தில் மறு விதை ஊன்றிவிடுங்கள்.

கைவீச்சு விதைப்பு வேகமாக முடியும். ஆனால் பிறகு சக்கரக் களைக்கருவி ஓட்ட வழியே இருக்காது, முழுக்கக் கையால்தான் எடுக்க வேண்டும். விதைப்புக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் அதைப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் கலப்பைச் சாலில் விதை போட்டாலே வரிசை வந்துவிடும்.

உரம் விஷயத்தில் ஒன்று. உளுந்து வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். அடியுரமாக ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்துக்கு மேல் தேவையில்லை. யூரியாவை நிலம் முழுக்க வீசினால் முதலில் கொழுப்பது சாரணைதான். அடியுரத்தை விதை வரிசையை ஒட்டிப் போடுங்கள். பூக்கும்போது 2 சதவீத டிஏபி உரக் கரைசலை இலைவழி தெளித்தால் அது நேரே பயிருக்குப் போகிறது. விதையை ரைசோபியத்தில் (வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) நேர்த்தி செய்து போட்டால் பயிர் ஆரம்பத்திலேயே திடமாக எழும்பும்.

துவரை போடுகிறவர்கள் வரிசைகளுக்கு இடையே உளுந்தை ஊடுபயிராக விதைக்கலாம். துவரை முதல் இரண்டு மாதம் மெதுவாக வளரும். அந்த வெற்றிடத்தை உளுந்து மூடிக்கொண்டு, துவரை விரியும் நேரத்தில் அறுவடையாகி வெளியே வந்துவிடும்.

15ஆம் நாள், 30ஆம் நாள்

எல்லாவற்றிலும் முக்கியமான கட்டம் இது. எதைச் செய்ய முடியாமல் போனாலும் இந்த இரண்டு தேதியை விட்டுவிடாதீர்கள். விதைத்த அன்றே காலண்டரில் வட்டம் போட்டு, ஆட்களிடமும் அன்றே சொல்லி வையுங்கள். களையெடுக்க வரும் அக்காக்களுக்கு அந்த வாரத்தில் நாலு இடத்திலிருந்து அழைப்பு இருக்கும். முன்கூட்டிச் சொன்னவர் வயலுக்குத்தான் முதலில் போவார்கள்.

15 முதல் 20 நாளுக்குள் முதல் களை. வரிசை விதைப்பாக இருந்தால் இடைவெளியில் சக்கரக் களைக்கருவியைத் தள்ளிக்கொண்டு போகலாம். செடியை ஒட்டி இருப்பதை மட்டும் கையால் எடுத்தால் போதும். 30ஆம் நாளையொட்டி இரண்டாவது களை. பூ எடுக்கும் முன் அது முடிந்துவிட வேண்டும். பூ வந்தபின் வயலுக்குள் ஆள் புகுந்து கொத்தினால் பூ உதிரும், வேரும் அறுபடும். அதற்குப் பிறகு நிற்கும் பெரிய களையை மட்டும் மெதுவாகப் பிடுங்கலாம்.

கொத்துவது மேலாக இருக்கட்டும், ஒன்றரை இரண்டு அங்குலம் போதும். உளுந்தின் பக்கவேரும் வேர் முடிச்சும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. ஆழமாகக் கொத்தினால் களையோடு பயிருக்கும் அடி விழும். மண் லேசான ஈரத்தோடு, வெயில் அடிக்கும் நாளாகப் பாருங்கள். எடுத்தவுடன் தண்ணீர் விடாதீர்கள், இரண்டு நாளாவது போகட்டும். குறிப்பாகப் பருப்புக்கீரைத் தண்டு ஈர மண்ணில் கிடந்தால் மறுபடி வேர் விட்டுவிடும். அதை அள்ளி வரப்புக்கு வெளியே போடத்தான் வேண்டும். பூ எடுக்காத மற்றக் களைகளை வரிசைக்கு நடுவிலேயே விடலாம், அது மண்ணை மூடி ஈரம் காக்கும். பூவோ காயோ வந்திருந்தால் கட்டாயம் வெளியே.

களையெடுக்கும்போது பெண்கள் தொய்யக்கீரையையும் பருப்புக்கீரையையும் மடியில் சேர்த்து எடுத்துப் போவார்கள். ராத்திரிக்கு நல்ல கடையல் ஆகும். மருந்து அடித்த வயலாக இருந்தால் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதை எத்தனையோ பேர் சொல்ல மறக்கிறோம்.

வைக்கோல் வசதி உள்ளவர்கள் முதல் களை முடிந்ததும் வரிசைக்கு நடுவே இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பிப் பாருங்கள். கொஞ்ச நிலத்துக்கு இது மிக நன்றாக வேலை செய்யும். நெல்மணி ஒட்டியிருக்கும் வைக்கோலாக இருந்தால் வேண்டாம்.

களைக்கொல்லி தேவைப்பட்டால்

ஆள் கிடைக்காத ஊரில் களைக்கொல்லியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது மேலே சொன்னவற்றின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது. இறவையில் (பாசனப் பயிரில்) பென்டிமெத்தலின் 30 ஈசி (30 சதவீதம் மருந்துள்ள, தண்ணீரில் கலக்கும் திரவம்) ஏக்கருக்கு 1.3 லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, விதைத்த 3 நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, விசிறி வடிவ நாசில் போட்டுத் தெளிக்க வேண்டும். தெளித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கி நடந்து வாருங்கள். இது முளைக்கப்போகும் புல்லையும் சின்ன விதைக் களைகளையும் தடுக்கும். ஏற்கெனவே முளைத்து நிற்பதையும் கோரையையும் ஒன்றும் செய்யாது. இதை அடித்தால் 30ஆம் நாள் ஒரு கைக்களை போதும்.

முளைத்த பிறகு புல் மட்டும் அதிகம் இருந்தால், களைகள் இரண்டு மூன்று இலைப் பருவத்தில் இருக்கும்போது, அதாவது 15 முதல் 20 நாளுக்குள், குயிசலோபாப் எத்தில் 5 ஈசி ஏக்கருக்கு 400 மி.லி. அளவில் தெளிக்கிறார்கள். அகன்ற இலைக் களைக்கு இமாசெத்தாபிர் புழக்கத்தில் இருக்கிறது. அது மண்ணில் நாள்பட நிற்கும், அடுத்து என்ன பயிர் என்று யோசித்துவிட்டுத் தொடுங்கள். எதுவானாலும் டப்பா மேல் இருக்கும் அளவையும் பயிர்ப் பெயரையும் படித்து, வேளாண் விரிவாக்க மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் இல்லாமல் இறங்க வேண்டாம்.

ஒரே மருந்தை ஒவ்வொரு பட்டமும் அடிக்காதீர்கள். பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களில் பலாரிஸ் மைனர் என்ற புல்லுக்கு ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லியையே வருடக்கணக்கில் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த மருந்து அதைக் கொல்லாமல் போனது. மருந்துக்குத் தப்பிய செடிகள்தான் விதை போட்டன, அந்த விதைதான் நிலத்தை நிறைத்தது.

இன்னொரு எச்சரிக்கை. நெல்லுக்கும் சோளத்துக்கும் அடிக்கும் 2,4-டி களைக்கொல்லி உளுந்துக்கு நஞ்சு. பக்கத்து வயலில் காற்றடிக்கும் நேரத்தில் தெளித்தாலே இலை முறுக்கிக்கொள்ளும். நாங்கள் ஒருமுறை நெல்லுக்கு அடித்த தெளிப்பானை அரைகுறையாகக் கழுவிவிட்டு உளுந்துக்கு டிஏபி தெளித்தோம். இரண்டு பாத்தி அப்படியே சுருண்டுவிட்டது. அன்றிலிருந்து களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான். மக்காச்சோளத்துக்கு அட்ரசின் களைக்கொல்லி அடித்த நிலத்தில் அடுத்ததாக உளுந்து போடுவதாக இருந்தாலும் யோசித்துச் செய்யுங்கள், மண்ணில் தங்கியிருக்கும் மருந்து நாற்றைக் கருக்கிவிடும்.

நெல் தரிசு உளுந்து

என் தங்கை வாழ்க்கைப்பட்டது மன்னார்குடி பக்கம். அங்கே கணக்கே வேறு. தை மாதம் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தூவிவிடுகிறார்கள். இயந்திர அறுவடையாக இருந்தால் நாலைந்து நாள் முன்பு. உழவும் இல்லை, பாத்தியும் இல்லை. மேலே சொன்ன பாதி வேலைகளுக்கு அங்கே இடமே இல்லை.

ஆகவே அங்கே உளுந்துக் களையை நெல்லிலேயே எடுத்துவிட வேண்டும். நெல் கதிர் விடும் நேரத்தில் குதிரைவாலிப் புல் தலை நீட்டும்போது இறங்கி அறுத்துவிட்டால், உளுந்துக்கு வரும் புல்லில் பெரும்பகுதி குறையும். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை போட்டு நெருக்கமாக வரவிடுங்கள். இயந்திரம் குவியலாகத் தள்ளிவிட்டுப் போகும் வைக்கோலை உடனே கலைத்துவிட வேண்டும், அதன் அடியில் உளுந்து வெளிறி மடிந்து அந்த இடம் களைக்குப் போய்விடும். அறுத்த நெல் தாள் மறுதாம்பாகத் துளிர்ப்பதும் ஒரு களைதான். தரையை ஒட்டி அறுத்தால் அது குறையும்.

அம்மையார் கூந்தல்

மஞ்சள் நூல் மாதிரி உளுந்தின் மேல் படர்ந்து கிடக்கும். இலை கிடையாது, பற்றிக்கொண்ட பிறகு மண்ணில் வேரும் கிடையாது. உளுந்தின் தண்டிலேயே வாயை வைத்து உறிஞ்சும். நூலை மட்டும் அறுத்தால் ஒட்டியிருக்கும் துண்டு மறுபடி படரும். பற்றிய உளுந்துச் செடியையும் சேர்த்துப் பிடுங்கி, பூக்கும் முன்பே எரித்துவிட வேண்டும். நாலு செடி போகிறதே என்று பார்க்காதீர்கள். அதன் விதை பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். அதிகம் பரவிய நிலத்தில் இரண்டு மூன்று வருடம் பயறு வகையை நிறுத்தி நெல், கம்பு, சோளம் போடுங்கள். புல் இனப் பயிர்களில் அது பற்றிப் பிழைக்க முடியாது.

40 நாளுக்குப் பிறகும் வரப்பும்

பயிர் மூடிய பிறகு தப்பி நிற்கும் களை இந்த வருட விளைச்சலைப் பெரிதாகப் பாதிக்காது. அதனால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். ஆனால் அடுத்த பட்டத்துக்கான விதையை அதுதான் போடுகிறது. வாரம் ஒருமுறை காலையில் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வரிசை மிதிக்காமல் நடந்து, பயிரின் தலைக்கு மேல் தெரியும் களையை மட்டும் பிடுங்கிச் சாக்கில் போடுங்கள். ஒரு ஏக்கருக்கு அரை மணி நேரம் ஆகும்.

வரப்பையும் வாய்க்கால் ஓரத்தையும் செதுக்கி வையுங்கள். மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ, பயிர் இல்லாத நாளில் அங்கே நிற்கும் களைச் செடிகளில்தான் தங்கியிருக்கிறது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள், பலருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் கொடுக்கும் செடி அது. அதன் இலையை, முதுகில் கோடு போட்ட சின்ன வண்டுகள் தின்றுகொண்டிருந்தால் அவற்றைக் கொல்லாதீர்கள். பார்த்தீனியத்தை அழிக்கவென்றே 1980களில் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு அது. மழைக்காலத்தில் நம் வேலையில் ஒரு பங்கை அது பார்த்துக்கொள்கிறது.

கடைசியாகக் களம். உளுந்தை அடித்துத் தூற்றியபின் களத்தில் கிடக்கும் தூசியில் சாரணை விதையும் நாய்க்கடுகு விதையும் கறுப்பாகச் சிறு மணிகளாகக் கிடப்பதைக் கையில் அள்ளிப் பாருங்கள். அதைக் கூட்டி நிலத்தில் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் அதைச் சாக்கில் கட்டி எருக்குழியின் நடுவில், சூடு அதிகம் இருக்கும் இடத்தில் புதைத்துவிடுகிறோம்.